எங்கடின் பள்ளத்தாக்கில் பள்ளி உளவியலாளர்: குறை குழந்தையிடமா, மொழியிடமா?

சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில், மலோயா கணவாயிலிருந்து ஆஸ்திரிய எல்லை வரை இன் ஆற்றின் போக்கில் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது எங்கடின் பள்ளத்தாக்கு. 1928-ஆம் ஆண்டிலும் 1948-ஆம் ஆண்டிலும் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை நடத்திய செயின்ட் மோரிட்ஸ் நகரம் இங்குதான் உள்ளது. உலகின் செல்வந்தர்கள் பனிச்சறுக்கு விளையாட வரும் இடம் என்பதே இப்பள்ளத்தாக்கைப் பற்றி வெளியுலகம் பொதுவாக அறிந்திருப்பது.

ஆனால் இங்குள்ள ஒரு சாதாரண கிராமப் பள்ளியின் வகுப்பறைக்குள் நுழைந்தால் காட்சி வேறு. ஒரு குழந்தை வீட்டில் ரோமான்ஷ் மொழி பேசும். அடுத்த குழந்தை சுவிஸ் ஜெர்மன் பேச்சுவழக்கைப் பேசும். மூன்றாவது குழந்தையின் பெற்றோர் விடுதிகளில் பணிபுரிய வந்த போர்த்துகீசியர்களாக இருப்பார்கள். இத்தாலிய மொழியும் அருகிலேயே ஒலிக்கும். இவர்களில் ஒரு குழந்தை வாசிப்பில் பின்தங்கும்போது ஆசிரியர் முன் எழும் கேள்வி எளிமையானது, விடைதான் கடினமானது. அக்குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா, அல்லது பள்ளியின் மொழி இன்னும் அதன் மொழியாகவில்லையா?

அந்தக் கேள்விக்கு விடை தேடும் பொறுப்பு பள்ளி உளவியலாளர் என்ற தொழில்முறை வல்லுநருக்கு உரியது. அவருடைய அறிக்கையைப் பொறுத்துக் குழந்தை வழக்கமான வகுப்பிலேயே கூடுதல் உதவியுடன் தொடரலாம். தனிப் பாடத்திட்டத்துக்கு மாற்றப்படலாம். சிறப்புப் பள்ளிக்கே அனுப்பப்படலாம். தமிழர்கள் வாழும் ஏறக்குறைய எல்லா மேலை நாடுகளிலும் இத்தகைய வல்லுநர் இருக்கிறார். ஆனால் பள்ளியிலிருந்து கடிதம் வரும் நாள் வரை அவரைப் பற்றிப் பெற்றோர் பலரும் அறிவதில்லை.

பணி என்ன?

பள்ளி உளவியலாளர் மனநல மருத்துவர் அல்லர். அவர் மருந்து எழுதிக் கொடுப்பதில்லை. அவர் ஆசிரியரும் அல்லர். பள்ளிச் சமூகப் பணியாளரும் அல்லர். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகியோருடன் சேர்ந்து பணியாற்றினாலும், அவருடைய வேலை அவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. குழந்தையின் கற்றல், கவனம், நடத்தை, உணர்வு, வகுப்பறை உறவுகள் ஆகியவற்றில் சிக்கல் எழும்போது அதன் காரணத்தை ஆராய்வது, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஆலோசனை கூறுவது, தேவையான உதவியைப் பரிந்துரைப்பது ஆகிய மூன்றுமே அவர் பணியின் மையம்.

சுவிட்சர்லாந்தில் கல்வி என்பது கூட்டாட்சி அரசின் கையில் இல்லை. இருபத்தாறு கன்டோன்கள் எனப்படும் மாநிலங்களின் பொறுப்பு அது. எனவே பள்ளி உளவியல் சேவையின் அமைப்பும் கன்டோனுக்குக் கன்டோன் மாறுகிறது. எங்கடின் அமைந்துள்ள கிராபுண்டன், பரப்பளவில் நாட்டின் மிகப்பெரிய கன்டோன். ஏழாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மலைநிலத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்களே வாழ்கின்றனர். அதன் பள்ளி உளவியல் சேவை கன்டோன் கல்வித் துறையின் ஓர் அங்கம். தலைநகர் கூரில் மட்டுமன்றிப் பிற வட்டாரங்களிலும் அது இயங்குகிறது.

இந்தப் பரவலுக்கு நிலவியலே காரணம். எங்கடினிலிருந்து கூர் நகருக்குச் செல்ல ஜூலியர் போன்ற உயர்ந்த கணவாய்களைக் கடக்க வேண்டும். ஃப்ளூயலா கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் மூடப்படுகிறது. 1999-ஆம் ஆண்டில் வெரைனா ரயில் சுரங்கம் திறக்கப்பட்ட பிறகே கீழ் எங்கடினுக்கு ஆண்டு முழுவதும் நம்பகமான வடக்குப் பாதை கிடைத்தது. இத்தகைய இடத்தில் ஒரு குழந்தையையும் அதன் பெற்றோரையும் தலைநகருக்கு வரவழைப்பதைவிட, உளவியலாளர் பள்ளத்தாக்குக்குச் செல்வதே நடைமுறைக்கு உகந்தது. அதில் தொழில்முறைப் பயனும் உண்டு. அலுவலக அறையில் வாய் திறக்காத குழந்தை, தன் வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அவர் நேரில் காண முடிகிறது.

ஒரு பள்ளத்தாக்கு, பல மொழிகள்

ரோமான்ஷ், லத்தீனிலிருந்து கிளைத்த மொழி. 1938-ஆம் ஆண்டில் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் அதனை நாட்டின் நான்காவது தேசிய மொழியாக ஏற்றனர். அதைப் பேசுவோர் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர். நாட்டின் மக்கள்தொகையில் ஒரு விழுக்காடும் இல்லை. அந்தச் சிறு எண்ணிக்கைக்குள்ளும் ஐந்து எழுத்து வழக்குகள் இருக்கின்றன. மேல் எங்கடினில் புட்டேர், கீழ் எங்கடினில் வல்லாடேர் என இரண்டு வழக்குகள் இந்த ஒரு பள்ளத்தாக்கிலேயே வழங்குகின்றன.

இவற்றை ஒன்றிணைக்க 1982-ஆம் ஆண்டில் ரூமான்ச் கிரிஷூன் என்ற பொது எழுத்துமொழி உருவாக்கப்பட்டது. பள்ளிப் பாடநூல்களை இனி அந்தப் பொதுமொழியிலேயே வெளியிடுவது என்று 2003-ஆம் ஆண்டில் கன்டோன் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. தங்கள் குழந்தைகள் வீட்டில் பேசாத ஒரு மொழியில் எழுத்தறிவு பெறுவதைப் பெற்றோர் பலர் ஏற்கவில்லை. 2011-ஆம் ஆண்டில் அம்முடிவு கைவிடப்பட்டு, வட்டார வழக்குகளில் பாடநூல்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. பேச்சுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையிலான தூரத்தை முதல் வகுப்பிலேயே கடந்து வந்த தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சச்சரவின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பள்ளிகளின் மொழி ஊருக்கு ஊர் மாறுகிறது. கீழ் எங்கடின் ஊர்களில் தொடக்க வகுப்புகள் வல்லாடேரில் நடக்கின்றன. மேல் எங்கடினில் சமேடன், பொன்ட்ரசீனா போன்ற ஊர்களில் ரோமான்ஷும் ஜெர்மனும் சேர்ந்த இருமொழிக் கல்வி. செயின்ட் மோரிட்ஸில் ஜெர்மனே பயிற்று மொழி. கன்டோனின் விதிப்படி மூன்றாம் வகுப்பில் இன்னொரு கன்டோன் மொழியும், ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலமும் சேர்கின்றன. தொடக்கப் பள்ளியில் ஓர் அந்நிய மொழி போதும் என்ற கோரிக்கை 2018-ஆம் ஆண்டில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டுத் தோற்றது.

இந்தப் பின்னணியில், வீட்டில் போர்த்துகீசியம் பேசும் ஒரு குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். அது மழலையர் பள்ளியில் ரோமான்ஷைக் கற்கிறது. தெருவில் சுவிஸ் ஜெர்மன் பேச்சுவழக்கைக் கேட்கிறது. சில ஆண்டுகளில் பேச்சுவழக்கிலிருந்து பெரிதும் வேறுபட்ட எழுத்து ஜெர்மனைப் படிக்கத் தொடங்குகிறது. ஆறாம் வகுப்பு முடிவில், எளிமையான பாடத்திட்டம் கொண்ட ரெயால் பள்ளிக்கா, அதைவிடக் கடினமான செக்குண்டார் பள்ளிக்கா என்ற தெரிவு அதற்காகக் காத்திருக்கிறது. பன்னிரண்டு வயதில் நடக்கும் அந்தப் பிரிவினை பிற்காலத் தொழில் வாய்ப்புகளைப் பெருமளவு பாதிக்கிறது. இடையில் மாறுவதற்கு வழிகள் உண்டு என்று சட்டம் கூறினாலும், கீழிருந்து மேலே ஏறுவது எளிதன்று.

அளவுகோலின் சிக்கல்

குழந்தையின் அறிதிறனை அளக்க உளவியலாளர்கள் தரப்படுத்தப்பட்ட சோதனைகளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் வெக்ஸ்லர் சோதனை உலகெங்கும் அறியப்பட்டது. ஒரு குழந்தை எடுக்கும் மதிப்பெண்ணுக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. அதே வயதுடைய பல நூறு குழந்தைகள் எடுத்த மதிப்பெண்களோடு ஒப்பிடும்போதுதான் அது பொருள் பெறுகிறது. சராசரி நூறு எனக் கொள்ளப்படுகிறது. எழுபதுக்குக் கீழே எடுப்போர் ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டினர்.

ஒப்பிடப்படும் அந்தப் பல நூறு குழந்தைகள் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஜெர்மன் மொழிப் பதிப்பு ஜெர்மன் பேசும் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டது. அறுபதாயிரம் பேர் ஐந்து வழக்குகளில் பேசும் ஒரு மொழிக்கு ஒவ்வொரு வயதிலும் போதிய குழந்தைகளைத் திரட்டித் தனி அளவுகோல் உருவாக்குவது நடைமுறையில் மிகக் கடினம். சோதனைத் தாளை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்பதும் தீர்வாகாது. ஒரு மொழியில் எளிதாக உள்ள சொல் இன்னொரு மொழியில் அரிய சொல்லாக இருக்கலாம். அப்போது ஒப்பீடே குலைந்துவிடும்.

சொற்களைத் தவிர்த்து, வடிவங்களையும் படங்களையும் மட்டும் பயன்படுத்தும் சோதனைகளும் உள்ளன. நெதர்லாந்தில் 1940-களில் காது கேளாத குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்ட ஸ்நைடர்ஸ்-ஓமன் சோதனை அவற்றுள் ஒன்று. பள்ளி மொழியை இன்னும் கற்காத குழந்தைகளுக்கும் அது பின்னர் பயன்பட்டது. ஆயினும் இவையும் பண்பாட்டைக் கடந்தவை அல்ல. நேரக் கட்டுப்பாட்டுடன் தனியாக அமர்ந்து புதிர் அவிழ்ப்பது என்பதே ஒரு பழக்கம். சில வீடுகளில் அது மூன்று வயதிலேயே வந்துவிடுகிறது. சில வீடுகளில் பள்ளிக்கு முன் வருவதே இல்லை.

இந்தத் துறையின் வரலாற்றில் சுவிட்சர்லாந்துக்கு ஒரு தனியிடம் உண்டு. பாரிஸ் பள்ளிகளில் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய ஆல்ஃப்ரெட் பினேயும் தியோடர் சிமோனும் 1905-ஆம் ஆண்டில் முதல் சோதனையை வெளியிட்டனர். 1913-ஆம் ஆண்டில் லண்டன் மாநகர நிர்வாகம் சிரில் பர்ட் என்பவரைப் பள்ளிகளுக்கான உளவியலாளராக நியமித்தது. பர்ட் உருவாக்கிய சோதனைகளைப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு ஏற்பத் தரப்படுத்தும் பணி, அப்போது பாரிஸில் இருந்த ழான் பியாஜே என்ற சுவிஸ் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. சரியான விடைகளை எண்ணுவதே அவருக்கு இடப்பட்ட வேலை. அவரோ தவறான விடைகளில் ஆர்வம் கொண்டார். ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரியான தவறுகளைச் செய்வதைக் கண்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர்களிடமே கேட்கத் தொடங்கினார். 1921-ஆம் ஆண்டில் அவர் ஜெனீவாவின் ரூசோ நிறுவனத்துக்குச் சென்றார். குழந்தை உளவியலின் போக்கே பின்னர் மாறியது.

நல்ல பள்ளி உளவியலாளர் இன்றும் செய்வது ஏறக்குறைய அதுவே. எண்ணைப் பதிவு செய்வதோடு நில்லாமல், குழந்தை அந்த விடைக்கு எவ்வாறு வந்தது என்று பார்க்கிறார். ஒரு புதுப் புதிரைக் கற்றுக்கொடுத்த பிறகு எவ்வளவு விரைவாக முன்னேறுகிறது என்பதைக் கவனிக்கிறார். வீட்டு மொழியில் குழந்தை எப்போது பேசத் தொடங்கியது, கதை சொல்லுமா, அம்மொழியிலும் சொற்களைத் தேடித் தடுமாறுகிறதா என்று பெற்றோரிடம் விசாரிக்கிறார். இந்தக் கடைசிக் கேள்விதான் பல வேளைகளில் திறவுகோலாக அமைகிறது. உண்மையான மொழிவளர்ச்சிக் குறைபாடு குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் தலைகாட்டும். பள்ளி மொழியில் மட்டும் தென்படும் தடுமாற்றம் பெரும்பாலும் குறைபாடு ஆகாது. அது கற்றலின் ஒரு கட்டம்.

எச்சரிக்கை தரும் ஆய்வுகள்

இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் என்ன நேரும் என்பதைக் கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1980-களில் எடுத்துக்காட்டினார். குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உளவியல் அறிக்கைகளை அவர் ஆராய்ந்தார். விளையாட்டுத் திடலில் சரளமாக ஆங்கிலம் பேசிய குழந்தைகளுக்கு இனி மொழிச் சிக்கல் இல்லை என்று மதிப்பீட்டாளர்கள் கருதி, குறைந்த மதிப்பெண்களைக் குழந்தையின் திறன் குறைவாகக் கணித்திருந்தனர். அன்றாடப் பேச்சுமொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவருகிறது என்றும், பாடநூலின் மொழியில் வகுப்புத் தோழர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம் என்றும் அவர் விளக்கினார். டொரொன்டோ நகரின் தமிழ்ப் பெற்றோருக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி இது.

சுவிட்சர்லாந்திலும் இத்தகைய கண்டுபிடிப்புகள் உண்டு. ஃபிரிபூர்க் பல்கலைக்கழகத்தின் வின்ஃப்ரீட் க்ரோனிக், ஊர்ஸ் ஹேபர்லின் உள்ளிட்டோர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, குடியேறிய குடும்பங்களின் குழந்தைகள் ஒத்த அடைவு பெற்றிருந்தும் மேல்நிலைப் பள்ளி வகைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் வாய்ப்பு குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டியது. சிறப்பு வகுப்புகளில் வெளிநாட்டுக் குழந்தைகளின் விகிதம் அளவுக்கு மீறி இருப்பது நீண்டகாலமாகவே அந்நாட்டில் விவாதப் பொருள்.

அதன்பின் சட்டச் சூழல் மாறியுள்ளது. 2004-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் சமத்துவச் சட்டம், இயன்றவரை வழக்கமான பள்ளியிலேயே குழந்தைகளைச் சேர்த்துக் கற்பிக்கக் கன்டோன்களை வலியுறுத்துகிறது. 2008-ஆம் ஆண்டு முதல் சிறப்புக் கல்வியின் பொறுப்பு, ஊனமுற்றோர் காப்பீட்டிடமிருந்து முழுமையாகக் கன்டோன்களிடம் வந்தது. அதுவரை உதவி பெற ஒரு குழந்தை காப்பீட்டின் கண்ணில் ஊனமுற்றதாகப் பதிவாக வேண்டியிருந்தது. இப்போது கேள்வி, கல்வியில் அதற்கு என்ன தேவை என்பதாக மாறியிருக்கிறது. மாற்றம் காகிதத்தில் தெளிவானது. தொலைவில் உள்ள மலைக் கிராமத்துக்குப் போதிய சிறப்புக் கல்வி ஆசிரியர் கிடைக்காதபோது, பரிந்துரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது கோப்பில்தான் இருக்கும்.

அறிக்கைகளின் கசப்பான நினைவு

உளவியலாளரின் அறிக்கை என்றால் சுவிஸ் மக்களில் ஒரு சாராருக்கு இன்றும் நடுக்கம் உண்டு. அதற்குக் காரணம் உள்ளது. 1926 முதல் 1973 வரை, ப்ரோ யூவென்டூட்டே என்ற குழந்தைகள் நல அமைப்பு, நாடோடி வாழ்வுப் பின்னணி கொண்ட யேனிஷ் மக்களின் ஏறத்தாழ அறுநூறு குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, வளர்ப்பு வீடுகளிலும் நிறுவனங்களிலும் வைத்தது. யேனிஷ் குடும்பங்கள் பல வாழ்ந்த கிராபுண்டன் கன்டோனும் இதில் முக்கிய இடம் பெற்றது. கூர் நகரின் வால்டுஹவுஸ் மனநல மருத்துவமனையின் முதல் இயக்குநரான யோசப் யோர்கர், யேனிஷ் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சீரழிந்தவர்கள் எனச் சித்திரிக்கும் ஆய்வுகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்டிருந்தார். அவருடைய எழுத்துகள் பிற்கால நடவடிக்கைகளுக்கு அறிவியல் போர்வை அளித்தன.

1986-ஆம் ஆண்டில் அன்றைய கூட்டாட்சித் தலைவர் அல்ஃபோன்ஸ் எக்லி, இதில் அரசுக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கோரினார். 2025 பெப்ரவரியில் கூட்டாட்சி அரசு, இன்றைய சர்வதேசச் சட்டத்தின் அளவுகோலில் அந்தச் செயல்கள் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என ஏற்றுக்கொண்டது.

இன்றைய பள்ளி உளவியல் சேவையை அந்தக் காலத்தோடு ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனால் அதன் நடைமுறைகள் பலவற்றின் பொருள் அந்த வரலாற்றின் பின்னணியில்தான் முழுமையாகப் புரியும். வழக்கமாக ஆசிரியர் பெற்றோருடன் பேசி, அவர்களின் இசைவுடன் குழந்தையைப் பதிவு செய்கிறார். பெற்றோர் தாமாகவும் சேவையை அணுகலாம், கட்டணம் இல்லை. முதலில் உரையாடல்; பின்னர் வகுப்பறைக் கவனிப்பு, சோதனைகள்; அதன் பிறகு முடிவுகளைப் பெற்றோருக்கு விளக்கும் சந்திப்பு. உளவியலாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பரிந்துரைப்பவர் மட்டுமே. முடிவெடுக்கும் அதிகாரம் பள்ளி நிர்வாகத்திடமோ கன்டோன் கல்வித் துறையிடமோ இருக்கிறது. அம்முடிவை எதிர்த்து முறையிடவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. உளவியலாளர் பள்ளித் தலைமையின் ஊழியராக இல்லாமல் தனிச் சேவையாக இருப்பதும் இதனால்தான். வகுப்பில் தொல்லை தரும் ஒரு மாணவனை அகற்ற விரும்பும் பள்ளிக்கும், அகற்றப்படக் கூடாது என்று நினைக்கும் பெற்றோருக்கும் நடுவே, எந்தப் பக்கமும் சாயாத ஒருவர் தேவைப்படுகிறார்.

பயிற்சி

2013 ஏப்ரல் முதல் நாள் சுவிட்சர்லாந்தில் உளவியல் தொழில்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பல கன்டோன்களில் எவரும் தம்மை உளவியலாளர் என அழைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது அங்கீகரிக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனத்தில் உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவருக்கே அந்தப் பெயர் உரியது. மூன்றாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை எனக் குறைந்தது ஐந்து ஆண்டுகள்.

அது தொடக்கமே. சட்டம் ஐந்து துறைகளுக்குக் கூட்டாட்சிச் சிறப்புப் பட்டங்களை வகுத்துள்ளது. பள்ளி உளவியல் அவற்றுள் குழந்தை, இளையோர் உளவியல் என்ற பிரிவில் அடங்குகிறது. இந்த மேற்பயிற்சிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். பணியில் இருந்தபடியே வகுப்புகளில் கலந்துகொள்வதும், அனுபவம் மிக்க ஒருவரின் மேற்பார்வையில் உண்மையான குழந்தைகளைச் சந்தித்து அறிக்கைகள் எழுதுவதும் அதன் பகுதிகள். சோதனையை நடத்தக் கற்பது சில வாரங்களில் முடியும் வேலை. ஒரு தாயிடம், உங்கள் மகனால் இதைச் செய்ய இயலவில்லை என்று சொல்ல வேண்டிய சந்திப்பை நடத்தக் கற்பதற்குத்தான் ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

பிற நாடுகளில் பாதை சற்றே வேறு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய அனுபவமும் ஓராண்டு முதுநிலைப் பட்டமும் போதுமானதாக இருந்தன; 2006-ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டு முனைவர் நிலைப் பயிற்சி கட்டாயமாகியது. அமெரிக்காவில் பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கம் ஆயிரத்து இருநூறு மணிநேரக் களப் பயிற்சியை வலியுறுத்துகிறது. ஐநூறு மாணவர்களுக்கு ஓர் உளவியலாளர் என்ற விகிதத்தையும் அது பரிந்துரைக்கிறது. நார்வேயில் ஒவ்வொரு நகராட்சியும் கல்வி உளவியல் சேவைக்கு வழிசெய்ய வேண்டும் என்பது சட்டம்.

எங்கடின் போன்ற இடத்தில் இன்னொரு தகுதியும் வேண்டும்: மொழி. ரோமான்ஷ் அறிந்த உளவியலாளர் கிடைப்பது எளிதன்று, ஏனெனில் எந்தப் பல்கலைக்கழகமும் உளவியலை ரோமான்ஷில் கற்பிப்பதில்லை. அவர் ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ படித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். திரும்பி வந்தவர் தம் ஊரிலேயே பணியாற்றும்போது வேறொரு சங்கடம் காத்திருக்கிறது. சில நூறு பேர் வாழும் கிராமத்தில் குழந்தையின் தாத்தா அவருக்குத் தெரிந்தவராக இருப்பார். ஆசிரியை அவருடைய பள்ளித் தோழியாக இருப்பார். இரகசியம் காக்கும் கடமை பெருநகரத்தில் ஒரு விதி; மலைக் கிராமத்தில் அது அன்றாட முயற்சி.

எங்கடினின் கிராமமான குவார்தாவின் சாயலில் அமைந்த, 1945-இல் வெளிவந்த ஷெல்லன்-ஊர்ஸ்லி என்ற படக்கதை சுவிட்சர்லாந்தின் எல்லா வீடுகளிலும் அறியப்பட்டது. செலீனா ஷோன்ட்ஸ் எழுதி, அலோய்ஸ் கரிஜியே படம் வரைந்த அக்கதையில், ஊர்வலத்துக்கு எல்லாரினும் சிறிய மணியைப் பெற்ற சிறுவன் அவமானம் தாளாமல் பெரிய மணியைத் தேடித் தனியே மலை ஏறுகிறான். வகுப்பில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட குழந்தையின் மனம் பற்றி, எங்கடின் மக்களுக்கு எந்த உளவியல் பாடநூலும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை போலும்.

தமிழ்ப் பெற்றோரின் நிலை

1983-ஆம் ஆண்டு வன்முறைகளுக்குப் பின் சுவிட்சர்லாந்தில் தஞ்சமடையத் தொடங்கிய இலங்கைத் தமிழர்களின் சமூகம் இன்று ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரைக் கொண்டதாக மதிப்பிடப்படுகிறது. முதல் தலைமுறையினரில் பலர் உணவகங்களிலும் விடுதிகளிலும் மாலை, இரவு நேரப் பணிகளில் இருந்தவர்கள். போர்த்துகீசியப் பெற்றோரின் சூழலும் இவர்களுடைய சூழலும் பெருமளவு ஒத்தவை.

தமிழ்க் குடும்பங்களில் உளவியலாளர் என்ற சொல்லே அச்சத்தைத் தருவதுண்டு. பிள்ளைக்குப் பைத்தியம் என்று பள்ளி சொல்கிறதா என்ற கேள்வி எழும். உறவினருக்குத் தெரிந்தால் என்னவாகும் என்ற கவலை தொடரும். இன்னொரு பக்கம், ஆசிரியர் சொல்வதை மறுக்கக் கூடாது என்ற மரியாதையால் புரியாத தாளில் கையெழுத்திடுவோரும் உண்டு. இரண்டும் குழந்தைக்குத் தீங்கானவை. முதலாவது, தேவையான உதவியைத் தள்ளிப்போடுகிறது. இரண்டாவது, தேவையற்ற மாற்றத்துக்கு வழிவிடுகிறது.

சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது சலுகை கோருவதன்று. சுவிட்சர்லாந்தில் பயிற்சி பெற்ற பண்பாட்டிடை மொழிபெயர்ப்பாளர்கள் தமிழுக்கும் உள்ளனர். மூத்த மகளையோ, சோதனைக்கு உள்ளான குழந்தையையோ மொழிபெயர்க்க வைப்பது, தன் குறையைத் தானே பெற்றோரிடம் சொல்லும் நிலைக்கு அதைத் தள்ளுவதாகும். எந்த மொழியில் சோதனை நடந்தது, அந்த அளவுகோல் எந்தக் குழந்தைகளை வைத்து உருவானது, எப்போது மறுமதிப்பீடு செய்யப்படும் என்று பெற்றோர் கேட்கலாம். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்று முன்பெல்லாம் சில ஆசிரியர்கள் கூறியதுண்டு. இருமொழி ஆய்வுகள் அந்த அறிவுரையை ஏற்பதில்லை. பெற்றோருக்கு நன்கு தெரிந்த மொழியில் கிடைக்கும் வளமான பேச்சு, இரண்டாம் மொழிக்கும் அடித்தளமாகிறது.

தாயகத்தில்

இலங்கையின் வடக்கில் இந்தப் பணிக்கு வேறொரு முகம் இருந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் உள்ளிட்டோர், உளவியலாளர்கள் அரிதான சூழலில் ஆசிரியர்களுக்கே உளநலப் பயிற்சி அளிக்கும் வழியை முன்னெடுத்தனர். சுவிஸ் எல்லையோரம் உள்ள ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களின் துணையுடன் தமிழ்ப் பகுதிகளில் 420 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தது. அவர்களில் 92 விழுக்காட்டினர் குண்டுவீச்சு, நெருங்கியவரின் மரணம் போன்ற கடும் அதிர்ச்சிகளைச் சந்தித்திருந்தனர். நால்வரில் ஒருவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய உளச்சிக்கல் இருந்தது. வகுப்பில் கவனமில்லை என்று ஆசிரியர் கடிந்துகொண்ட குழந்தைகளில் எத்தனை பேர் அந்த நால்வரில் ஒருவர் என்பதை எந்தத் தேர்ச்சி அட்டையும் காட்டியிராது.

இந்தியாவில் பள்ளி உளவியலாளர் என்ற தனித் தொழில் இன்னும் வேரூன்றவில்லை. 1992-ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் குழுமச் சட்டம் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்கிறது. பள்ளிகளில் இருப்பவர்களோ பெரும்பாலும் வெவ்வேறு தகுதிகள் கொண்ட ஆலோசகர்கள். தமிழ்நாட்டில் 2013-ஆம் ஆண்டில் பத்து நடமாடும் ஆலோசனை வாகனங்கள் பள்ளிக் கல்வித் துறையால் தொடங்கப்பட்டன. மாநிலத்தின் பள்ளிகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது ஒரு சிறு தொடக்கமே.

அளவுகோல் பற்றிய எங்கடின் சிக்கல் தமிழ்நாட்டுக்கும் புதிதன்று. இந்தியாவில் நெடுங்காலம் பயன்பட்ட பினே-காமத் சோதனை, 1930-களில் வி.வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளை வைத்து உருவாக்கிய தழுவல். உலகெங்கும் தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண்கள் உயர்ந்து வந்திருப்பதால், பழைய அளவுகோலில் இன்றைய குழந்தை உள்ளதைவிடத் திறமையானதாகத் தோன்றும். எங்கடினில் உதவி தேவைப்படாத குழந்தை தவறாகப் பிரிக்கப்படும் ஆபத்து என்றால், இங்கே உதவி தேவைப்படும் குழந்தை கண்ணில் படாமலே போகும் ஆபத்து.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்தது. 2025 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம், நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும், குழந்தைகள், இளையோர் உளநலத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வழங்கியது. அதற்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட நிறுவனங்கள் வெளியில் உள்ள வல்லுநர்களுடன் முறையான தொடர்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அத்தனை நிறுவனங்களுக்கும் தேவையான பயிற்சி பெற்றவர்களை எங்கிருந்து திரட்டுவது என்ற கேள்வி, தீர்ப்பு வெளியான நாளிலிருந்தே மாநில அரசுகளின் முன் நிற்கிறது.